நீல ஒயர்

கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் வண்டி.
ஐம்பத்தெட்டுப் பெட்டி எண்ணினால் கேட் திறக்கும்.
தாண்டினால் பல்கீஸின் காயலான் கடை.

செம்பு தனி, அலுமினியம் தனி.
பச்சை போர்டுகளில்
ஓரம் தங்கம் பூசிய பல் இருந்தால்
அது ஆசிட்டுக்குப் போகும் கோணி.
சனிக்கிழமை நாலு மணிக்குள் வந்தால் எனக்கு,
தவறினால் வியாசர்பாடியில் யாரோ ஒருவன் வாளிக்கு.

முதலில் பல்லை எண்ணுவேன்.
பக்கத்துக்கு முப்பத்தொன்று: எட்டு பிட்.
பின்னால் இன்னொரு துண்டு, அதில் பதினெட்டு இருந்தால்
பதினாறு பிட்.
பிறகு சிப்பின் முதுகைச் சட்டையில் துடைத்து
நான்கு எண் படிப்பேன். 8841.
எண்பத்தெட்டாம் வருஷம், நாற்பத்தொன்றாம் வாரம்.
நான் காலாண்டுக் கணக்கில் முப்பத்திரண்டு வாங்கிய
அதே அக்டோபர்.

சவுண்ட் கார்டு தெரியும், வால்யூம் சக்கரம் காட்டிக்கொடுக்கும்.
மோடம் தெரியும்.
ஹார்ட் டிஸ்க் கார்டு தூக்கத்திலும் தெரியும்.
இது தெரியவில்லை.

பெயர் இல்லை. நாடு இல்லை.
ஒன்பது முள் சாக்கெட் ஒன்று,
விரலால் தட்டினால் 'ச்சு' கொட்டும் ரிலே ஒன்று,
வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டிய ஜன்னல் சிப் ஒன்று.
பின்பக்கம்
கையால் பற்றவைத்த நீல ஒயர்,
மூன்று விரற்கடை நீளம்,
ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு.
ஃபேக்டரி வேலை இல்லை.
ஈயம் அவசரத்தில் உருண்டிருந்தது.

"இது இன்னாது?" என்றாள் எமல்டா.
தெரியல என்றேன்.
"தெரியாததுக்கா முந்நூறு ரூபா?"
தெரிந்திருந்தால் நூறுதான் கொடுத்திருப்பேன்
என்பதை அவளுக்குச் சொல்லவில்லை.

காசிமேட்டு ஐஸ் கம்பெனி ஷிஃப்ட் முடிந்து
அமோனியா வாசனையோடு பதினோரு ராத்திரி.
தடங்களை லென்ஸ் வைத்துப் பின்தொடர்ந்தேன்,
தெரியாத ஊரில் சந்து சந்தாகப் போகிறவன் மாதிரி.
ஒன்பது ராத்திரி முட்டுச்சந்து.
பத்தாவது, ஜன்னல் சிப்பைக் கழற்றி
ரீடரில் செருகினேன்.
எட்டாயிரம் பைட் குப்பைக்கு நடுவே
மனுஷ வார்த்தை இரண்டு:
ஓவர்லோடு. வெற்று எடை.
ஆங்கிலத்தில்தான் இருந்தது,
ஆனாலும் எனக்குக் காதில் கேட்டது.

லாரியை எடை போட்ட கார்டு!
சுமையோடு ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை,
கழித்தால் சரக்கு.
பதினோராவது ராத்திரி
நீல ஒயர் எதற்கு என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனேன்.

சனிக்கிழமை, பெருமையோடு போய்ச் சொன்னேன்.
பல்கீஸ் டீயை ஊதிக்கொண்டே,
"தெரியுமே. எடைமேடைக் கார்டு.
மணலி ரோட்டுல, பெட்ரோல் பங்க் எதிர்ல.
மேடைய மூடினப்போ நான்தான் கழட்டினேன்."
ஏன் சொல்லவில்லை?
"நீ எங்க கேட்ட?
பல்லத்தான் எண்ணிக்கினு இருந்த."

டம்ளரைக் கீழே வைத்தாள்.
"அது திருட்டு மேடை.
லோடுக்கு நாப்பது கிலோ கம்மியாக் காட்டும்.
ஆறு வருஷம் எங்க இரும்பு அதுமேலதான் ஏறிச்சு.
பின்னாடி நீலமா ஒரு ஒயர் கீதா?"

இருக்கிறது என்றேன்.
கார்டை வாங்கித் திருப்பி,
மருதாணி மங்கிய நகத்தால் அந்த ஒயரை
மெல்ல ஒருமுறை சுண்டினாள்.
"மொத்த மேடையையும் எடைக்கு வாங்கினப்போ
என் தராசும் கொஞ்சம் கம்மியாத்தான் காட்டிச்சு."
சிரிக்கவில்லை.
கோணியைத் தராசில் வைத்து, பூஜ்யம் அழுத்தி,
அடுத்த ஆளின் பித்தளையைக் கொட்டச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சீட்டு எழுதினேன்.
எட்டு பிட். எண்பத்தெட்டு, அக்டோபர்.
இடம்: மணலி ரோடு.
வேலை: எடை.
நீல ஒயரைப் பிடுங்கவில்லை,
அது இல்லாமல் இந்தக் கார்டு இது இல்லை.
கடைசியில் ஒரு கட்டம் மிச்சம் இருந்தது.
அதில்:
இருநூற்றுப் பத்து கிராம்,
பல்கீஸ் தராசுப்படி.